துணைநாய்த் தேர்வியல்: ஒரு முன்னாய்வு

தனித்து வளரும் பிள்ளைக்குத் துணையாக எந்த நாயைத் தேர்வது என்னும் வினா இல்லந்தோறும் எழுந்து, இரவு உணவுக்குப் பின் பூசலாக வளர்ந்து, மறுநாள் காலை அவசரத்தில் அடங்கிப்போவதாக இருந்தும், அதற்கென முறையான இலக்கண நூலொன்று தமிழில் இதுகாறும் எழாமற்போனது வியப்புக்குரியது. யானை வளர்ப்பார்க்குக் கஜ சாத்திரமும் குதிரை வளர்ப்பார்க்கு அசுவ சாத்திரமும் உள. நாய் வளர்ப்பார்க்கு உள்ளதெல்லாம் கால்நடை மருத்துவர் எழுதிய தடுப்பூசி அட்டை ஒன்றே. அதன் கையெழுத்தோ இன்னும் படித்தறியப்படவில்லை. இக்குறையை நீக்கும் முதல் முயற்சியாக இக்கட்டுரை அமைகிறது. முதல் முயற்சி என்று சொல்லிக்கொள்வது முந்தைய முயற்சிகளைத் தேடிப் படிக்கும் உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது ஆய்வுலகம் நன்கறிந்த உண்மையாகும்.

முதற்கண் கலைச்சொற்களை வரையறுத்தல் வேண்டும். ‘தனிப்பிள்ளை’ என்பதற்கு உடன்பிறந்தார் இல்லாத பிள்ளை என்று பொருள்கொள்வது மேலோட்டமானது. மாலை நான்கரைக்குப் பள்ளி வேனிலிருந்து இறங்கி, புத்தகப்பையின் பக்கவாட்டு ஜிப்பில் உள்ள சாவியால் தானே கதவைத் திறந்து, ஹாட்பேக்கில் இருக்கும் இட்லியைத் தின்று, ஆறரை வரை ஃபிரிட்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை என்பதே இவண் கொள்ளப்பட்ட பொருள். ‘துணைநாய்’ என்பது காவல்நாய், வேட்டைநாய் ஆகிய இரண்டின் நீங்கியது. அஃதாவது, திருடனைக் கண்டு வாலாட்டினாலும் பிஸ்கட் குறைக்கப்படாதது. ‘தேர்வு’ என்பது பெரியவர்கள் முடிவெடுத்தபின் பிள்ளையைக் கருத்துக் கேட்பது.

இனி, ‘நாய்’ என்னும் சொல்லின் பிறப்பு. இதனை ஆராயாமல் நாய் வாங்கலாகாதா எனின், வாங்கலாம். ஆனால் அது ஆய்வாகாது. நக்கீரர், நச்செள்ளையார், நப்பின்னை ஆகிய பெயர்களின் முன்னிற்கும் நகரம் சிறப்புப் பொருளை உணர்த்துவது என்பர். (நகரம் என்றது ந என்னும் எழுத்தை, மாநகராட்சிக்கு இதில் தொடர்பில்லை, அது நாய் உரிமத்தோடு நின்றுகொள்ளும்.) ‘ஆய்’ என்பதோ ஆராய்தற்பொருளில் வரும் வினையடி. ஆகவே ந + ஆய் = நாய், அஃதாவது ‘சிறந்த ஆய்வாளர்’ என்பது சிறப்பு நகரக் கொள்கையர் துணிபு. இதற்கு அவர்கள் காட்டும் சான்று எளிதில் மறுக்கத்தக்கதன்று: நாயானது ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் நேரிற்சென்று முகர்ந்து, தனக்கு முன் அங்கு வந்துபோனோர் விட்டுச்சென்ற கருத்துகளை முற்றும் உள்வாங்கிய பின்னரே தன் கருத்தை அதன்மேல் பதிவுசெய்கிறது, மூலத்தைக் கண்ணாற் காணாமல் பிறர் அடிக்குறிப்பிலிருந்து தன் அடிக்குறிப்பை எடுத்துக்கொள்ளும் வழக்கம் அதனிடம் இல்லை.

நவ்வாய்க் கொள்கையர் இதனை ஏலார். அ + ஆறு ‘அவ்வாறு’ என வருவதுபோல ந + ஆய் ‘நவ்வாய்’ என்றே புணர வேண்டுமாதலின், தெருவில் திரிவது நவ்வாயேயன்றி நாயன்று என்பது அவர்தம் வாதம். நவ்வாய் என்பதே தஞ்சாவூர் தஞ்சை ஆனதுபோல மருவி நாய் ஆயிற்று என்று சிறப்பு நகரத்தார் விடைகூற, மருவியதற்கு இடைநிலை வடிவம் காட்டுக என்று நவ்வாயார் கேட்க, வழக்கு இன்றளவும் நிலுவையில் உள்ளது. மூன்றாவதாக, சாப்பிட்ட தட்டை நாவால் ஆய்வதால் நா + ஆய் என்று பிரிப்பாரும் உளர். ஆனால் அவ்வாறு புணர்ந்தால் ‘நாவாய்’ என்றாகிக் கப்பலைக் குறிக்குமாதலின், துணைநாயைத் துறைமுகத்தில் தேட வேண்டிவரும் என்று அக்கொள்கை கைவிடப்பட்டது. இவ்விவாதத்தின் நடுவே “நாய் எப்ப வரும்?” என்று பிள்ளை கேட்டதாக ஒரு குறிப்பு உள்ளது, சொற்பிறப்போடு தொடர்பற்றதாகலின் அது விரித்துரைக்கப்படவில்லை.

இதனினும் சிக்கலானது இளமைப்பெயர் பற்றிய ஆராய்ச்சி. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் இளமைப்பெயர் குருளை என்கிறது. குட்டி, பறழ் என்பனவும் அவற்றுக்கு விலக்கல்ல என்கிறது. பிள்ளை என்றாலும் பிழையில்லை என்று மேலும் இரக்கம் காட்டிவிட்டு, நாயை மட்டும் அதிலிருந்து நீக்கிவிடுகிறது. புலியின் குருளையைப் பிள்ளை எனலாம், பன்றியின் குருளையையும் எனலாம், நாயின் குருளையைக் கூடாது. ஒரு செயல் நடவாத இடத்தில் அதற்குத் தடை எழுதப்படுவதில்லை என்பது ‘இங்கே சிறுநீர் கழிக்காதீர்’ என்று எழுதிய எந்தச் சுவரை முகர்ந்தாலும் விளங்கும். ஆதலால் தொல்காப்பியர் காலத்திலேயே எவரோ ஒரு வீட்டார் தம் நாய்க்குட்டியை ‘எங்க வீட்டு ரெண்டாவது பிள்ளை’ என்று விருந்தினருக்கு அறிமுகம் செய்திருக்கின்றனர் என்பதும், அது கேட்டுப் புலவர் முகஞ்சுளித்தனர் என்பதும் பெறப்படும்.

இவ்விலக்கின் தருக்க நுட்பத்தை உரையாசிரியர்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. நாயும் பிள்ளையாயின் வீட்டில் பிள்ளைகள் இருவராவர். இருவராயின் முதற்பிள்ளை தனிப்பிள்ளை ஆகாது. தனிப்பிள்ளை ஆகாதெனின் துணைநாய் வாங்க வேண்டிய காரணமே இல்லை. காரணமின்றி வாங்கிய பொருளைத் திருப்பிக் கொடுத்தல் முறையாதலின், நாய் வாசற்படி ஏறிய கணமே திரும்பிச் செல்ல வேண்டியதாகும். திரும்பிச் சென்றதும் பிள்ளை மீண்டும் தனிப்பிள்ளையாகி நாய் மீண்டும் தேவைப்படும். இவ்வாறு நாயும் அப்பாவும் இராப்பகலாக ஆட்டோவில் போய்வந்துகொண்டிருக்கும் அவலத்தைத் தடுக்கவே ஆசிரியர் அச்சூத்திரத்தைச் செய்தார் எனக் கொள்க.

பெயரிடல் பற்றிச் சுருங்கக் கூறின், கருப்பன், வெள்ளையன் என்பன காரணப்பெயர்; ஜிம்மி இடுகுறிப்பெயர்; மணி எதுவென்று துணிதற்கில்லை. டைகர் என்று பெயரிடுவோரை நகைப்பது தகாது; நாயையும் புலியையும் ஒரே சூத்திரத்தில் கட்டிவைத்தவர் தொல்காப்பியரே.

சாதி வகைகளுள் ராஜபாளையம் முதலில் நிற்கும். 2005ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல்துறை வெளியிட்ட நாய்த் தலைகள் நான்கனுள் இமயமலை ஆட்டுநாய், ராம்பூர், முதோல் ஆகியவற்றோடு இதுவும் இடம்பெற்றது. மனிதரை நாய் நக்கும் வழக்கம் மாறி, நாயை மனிதர் நக்கி உறையில் ஒட்டிய காலம் அது. வெண்ணிறமும் இளஞ்சிவப்பு மூக்கும் நீண்ட காலும் உடைய இந்நாய் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டதாகலின், ஈரறைக் குடியிருப்பில் அது ஓடத்தொடங்கும் இடமும் நின்றாக வேண்டிய இடமும் ஒன்றாகவே இருக்கும். வெண்ணிற நாய்களுட் சில பிறவியிலேயே செவிகேளாதன; பிள்ளை சொல்வதைக் கேட்பதற்கென்றே வாங்கும் நாய்க்குக் காது கேட்கிறதா என்று பின்னால் நின்று கைதட்டிப் பார்த்துக்கொள்வது நலம். சிப்பிப்பாறையும் கன்னியும் லிஃப்டுக்கு முன்பே கீழே போய்விடும். தேனிப் பக்கத்துக் கோம்பை வந்தால் டியூஷன் ஆசிரியர் வருகை நின்றுவிடும் என்பதால் பிள்ளைகளின் ஆதரவு அதற்கு நிரம்ப உண்டு. பொமரேனியன் என்று இங்கு விற்கப்படுவதில் பெரும்பங்கு இந்தியன் ஸ்பிட்ஸ். அது யாரிடமும் அதைச் சொல்வதில்லை. சித்திரை மாதச் சென்னையில் ஹஸ்கி வளர்ப்போர் வளர்ப்பது ஏ.சி.யை. பக் நாயின் வரலாறு தனித்தன்மை உடையது: 2003ஆம் ஆண்டில் வந்த ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்தது, விற்க வந்தது கைப்பேசி இணைப்பு, மக்கள் விரும்பிக் கேட்டதோ நாய். தட்டை முகத்தால் மூச்சிரைக்கும் அந்நாய் மே மாத வெயிலில் இரண்டு தெருவுக்குமேல் யாரையும் பின்தொடராது என்பது விளம்பரத்தில் இல்லை.

நாயை வாசலில் தடுத்தல் என்னும் துறைக்கு முதல் சான்று மகாபாரதம். சுவர்க்கத்தின் வாயிலில் நாயோடு வந்த தருமபுத்திரரை நிறுத்திய இந்திரனே குடியிருப்போர் நலச்சங்கங்களின் ஆதிச் செயலாளர் ஆவான். அங்கே நாய் தருமதேவதையாக வெளிப்பட்டுப் பிரச்சினையைத் தீர்த்தது. இங்கே வளர்ப்பு நாயைத் தடைசெய்யவோ லிஃப்டை மறுக்கவோ சங்கங்களுக்கு உரிமையில்லை என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் வெளியிட்டும் செயலாளர்கள் இந்திர மரபையே பின்பற்றுகின்றனர்.

இவ்வாய்வுக்கு மூல ஆவணமாகப் பயன்பட்டது சென்னைக் குடியிருப்பொன்றின் மூன்றாம் மாடியில், மிக்ஸிக்குப் பின்னால் கண்டெடுக்கப்பட்ட பால் கணக்கு நோட்டாகும் (நடு ஏடு, வலப்பக்கம், எண்ணெய்க்கறைக்குக் கீழ் இரண்டாம் வரி, பென்சில், தாயார் கையெழுத்து எனத் துணியப்படுவது). அதில் ‘ஞாயிறு, நாய் அரைக் கிலோ’ என்று காணப்படுகிறது. ஏட்டுச் சுவடிகளில் காலும் ரகரமும் ஒன்றுபோல் எழுதப்பட்டதால் பாடங்கள் திரிந்தமை பதிப்பாசிரியர்கள் அறிந்ததே. அவ்வகையில் இங்கும் கால் என்று தோன்றுவது கொம்பாகலாம் என்றும், ‘நெய் அரைக் கிலோ’ என்பதே மூலபாடம் என்றும் ஒரு கருத்து உண்டு. அதனை ஏற்பதற்கில்லை, ஏற்றால் இக்கட்டுரையின் இப்பகுதி முழுவதும் நீக்கப்பட வேண்டிவரும். அரைக் கிலோ எடையில் நாய் கிடைக்குமா எனின், பிறந்த சில நாட்களில் கிடைக்கும். ஆனால் எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தல் ஆகாது.

அந்நோட்டு கிடைத்த வீடே கள ஆய்வுக்கும் கொள்ளப்பட்டது. அங்கு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி உளள். நாய் பற்றிய கருத்தரங்கு இரவு எட்டு மணிக்குச் சாப்பாட்டு மேசையில் கூடும். சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்த கைப்பேசியில் ராஜபாளையத்திலிருந்து ஓய்வுபெற்ற தமிழாசிரியரான தாத்தாவும், மதுரையிலிருந்து அவர் கருத்தெதையும் ஏற்காத அத்தையும் தோன்றுவர். சிறப்பு நகரக் கொள்கையும் நவ்வாய்க் கொள்கையும் முறையே இவ்விருவரோடு தொடங்கி இவ்விருவரோடு முடிவன. வெங்காயச் சாம்பார், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு ஆகா என்பதும், காலை ஆறு மணிக்கு யார் கீழே கூட்டிப்போவது என்பதும் அம்மா எழுப்பிய வினாக்கள். இரண்டாவதற்கு விடை கிடைக்காமையால் அமர்வுகள் மூன்று வாரம் நீண்டன. முதல் வாரத்தில் எட்டரைக்கு வந்துகொண்டிருந்த அப்பா, மூன்றாம் வாரத்தில் ஏழு மணிக்கே வந்து செருப்பைக் கழற்றுமுன் “நேத்து எங்க விட்டோம்?” என்று கேட்டதாகப் பதிவாகியுள்ளது. டி.வி. போடப்படவில்லை. பிள்ளை தன் கணக்கு நோட்டின் பின்பக்கத்திலிருந்து முன்னோக்கி அமர்வுக் குறிப்புகளை எழுதிவந்தாள். ‘அத்தை கோபம்’, ‘தாத்தா ஜெயிச்சாங்க’, ‘நாளைக்குக் கோம்பை’ என்பன அவற்றுட் சில.

மூன்றாம் ஞாயிறன்று, எல்லாவற்றையும் சீர்தூக்கி, லாப்ரடார் வாங்குவதென முடிவாகிவிட்டது என்று அப்பா அறிவித்தார். பிள்ளை மகிழவில்லை. நோட்டைப் பின்னிருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, “ஆணா பெண்ணான்னு இன்னும் ஆராயவே இல்லியேப்பா, தாத்தாவைக் கூப்பிடுங்க” என்றாள்.

கைப்பேசி மீண்டும் சர்க்கரை டப்பாவில் சாய்க்கப்பட்டது. தாத்தா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, “நல்ல கேள்வி, கண்ணு” என்று தொடங்கி, பன்றிக்கும் நாய்க்கும் பெண்பாற்பெயர் ‘பாட்டி’ என்று மரபியல் தெளிவாகச் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தபோது, திரைக்கு வெளியேயிருந்து, “யாரைச் சொல்றீங்க?” என்றொரு குரல் கேட்டது. இதன்பின் உள்ள பகுதி சிதைந்துள்ளது.