ஃபேஜ் எந்தப் பாக்டீரியாவைப் பிடிக்கும்?

கேள்வி: மல்லாட்டை விதையில் ரைசோபியம் கலந்து விதைக்கிறோம். பாக்டீரியாவைத் தின்னும் ஃபேஜ் வைரஸ் அதை மட்டும் விட்டுவைக்குமா?
(வாசகர், திண்டிவனம்)

பதில்: விட்டுவைக்காது, ஆனால் கண்டதையும் தொடாது. ரைசோபியத்தைத் தாக்கும் ஃபேஜ்களும் மண்ணில் உண்டு. வால் நுனியிலுள்ள புரதம் பாக்டீரியாவின் மேற்பரப்பில் ஒரு குறிப்பிட்ட மூலக்கூறைப் பற்றினால்தான் ஃபேஜின் டி.என்.ஏ. உள்ளே இறங்கும். மல்லாட்டை வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாவைக் குடலில் வாழும் ஈ.கோலையின் ஃபேஜ் சீண்டாததற்கு இதுவே முதல் காரணம். உள்ளே நுழைந்தாலும், அந்நிய டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் காத்திருக்கும்.

வால் புரதத்தின் மரபணு மாறினால் இரையும் மாறலாம். ஃபேஜுக்கு வளைந்து கொடுக்காத பாக்டீரியாவையும் பிடிக்கும் திரிந்த ஃபேஜ்கள் தோன்றுவதை சால்வடோர் லூரியா 1945இல் விவரித்தார். இன்னும் அழகான சோதனை 2012இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. லாம்டா என்னும் ஃபேஜ், ஈ.கோலையின் லாம்-பி புரதத்தைப் பற்றியே நுழையும். பாக்டீரியா அந்தப் புரதத்தைக் குறைத்துக்கொண்டு தப்பப் பார்த்தது. சில குடுவைகளில் லாம்டாவோ ஓ.எம்.பி.-எஃப் என்ற வேறொரு புரதத்தைப் பற்றக் கற்றுக்கொண்டது. ஜே என்ற வால் மரபணுவில் நான்கு மாற்றங்கள் ஒன்றுசேர வேண்டியிருந்தது. மூன்று மட்டும் போதவில்லை. பழைய வாசலையும் அது மறக்கவில்லை.

இத்தனைக்கும் பின் அது பிடித்தது அதே ஈ.கோலையைத்தான். ஒரு இனத்திலிருந்து தூரத்து இனத்துக்குத் தாவுவது மிக அரிது. அரிசிக் கஞ்சியில் ரைசோபியத்தைக் குழைத்து விதையில் பூசுவோர், நிழலில் உலர்த்துவதில் கவனம் வைக்கலாம். வெயில் அந்தப் பாக்டீரியாவைக் கொன்றுவிடும்.