நீளச் சொல் பிடிக்க எளிய வழிகள்

ஆங்கில எழுத்து ஒன்றைச் சொல்லி, 'இது வராத ஆக நீளமான சொல் எது?' என்று கேட்பது ஒரு விளையாட்டு. 'இந்தச் சில எழுத்துகளுக்குள்ளேயே ஒரு சொல்லை முடிக்க வேண்டும்' என்பது இன்னொன்று. இதில் தேர்ச்சி பெற்றால் சம்பளம் கூடாது, மூட்டுவலியும் குறையாது. ஆனாலும் அமெரிக்காவில் இதற்கென்று 1883-லேயே சங்கம் வைத்துவிட்டார்கள். நேஷனல் பஸ்லர்ஸ் லீக் என்ற பெயரில் அது இன்றும் இருக்கிறது. 1968-ல் 'வேர்ட் வேஸ்' என்றொரு இதழும் தொடங்கி ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் வந்தது. இவ்வளவு பேர் வேலையை விட்டுவிட்டு இறங்கிய துறையில் நீங்கள் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும்? வழிமுறைகள் இதோ.

1. அகராதியைக் கடைசியில் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் செய்யும் தவறு, முதலில் அகராதியைத் திறப்பது. அனுபவசாலி முதலில் சொல்லைப் பிடிப்பார். பிறகு அந்தச் சொல் எந்த அகராதியில் இருக்கிறது என்று பார்த்து, 'நமக்கு இதுதான் ஆதாரம்' என்று அறிவிப்பார். எதிராளி நீளமான சொல் ஒன்றோடு வந்தால் மிரள வேண்டாம். பன்மையா, ஊர்ப் பெயரா, நடுவில் கோடு போட்ட சொல்லா என்று வரிசையாகக் கேளுங்கள். ஏதாவது ஒன்றில் மாட்டுவார்.

ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்ற ஐந்து உயிரெழுத்துகளும் இல்லாத சொல் வேண்டுமா? 'ரிதம்ஸ்' இருக்கிறது, 7 எழுத்து. 'அதில் வரும் ஒய் உயிரெழுத்தின் வேலையைத்தானே செய்கிறது?' என்று யாராவது கேட்பார். அவர் சொல்வது முற்றிலும் சரி. ஆகவே அதைக் காதில் வாங்கிக்கொள்ளக் கூடாது.

2. தட்டச்சுப் பலகையிலிருந்து தொடங்குங்கள்

அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு இது உகந்த பயிற்சி. மேல் வரிசை எழுத்துகளை மட்டும் வைத்து 'டைப்ரைட்டர்' என்றே எழுதிவிடலாம், 10 எழுத்து. இடது கை விரல்கள் மட்டும் போதும் என்றால் 'ஸ்டூவர்டெசஸ்', அதாவது விமானப் பணிப்பெண்கள், 12 எழுத்து. வலது கைக்கு 'பாலிஃபனி', 9 எழுத்து. ஒரு கையில் தேநீரைப் பிடித்தபடி மறு கையால் தட்டிக்கொண்டே இருக்கலாம். மேலாளர் கடந்து போனால், ஏதோ அவசர அறிக்கை என்று நினைத்துக்கொள்வார்.

நடு வரிசையில் இருக்கும் ஒரே உயிரெழுத்து ஏ. அதை வைத்துக்கொண்டு 'அல்ஃபால்ஃபா' வரை போகலாம். 7 எழுத்து, மாட்டுக்குப் போடும் குதிரைமசால்தான் அது. கீழ் வரிசையில் உயிரெழுத்தே கிடையாது. அங்கே நீளமான சொல் தேடும் பொறுப்பை, உங்களுக்குப் பிடிக்காத ஒருவரிடம் ஒப்படையுங்கள்.

3. திரும்ப வராத எழுத்துகள்

எந்த எழுத்தும் இரண்டாம் முறை வரக் கூடாது என்றால் 'அன்காப்பிரைட்டபிள்' கிடைக்கும். பதிப்புரிமைக்குள் கொண்டுவர முடியாதது என்று பொருள், 15 எழுத்து. கைரேகை போன்ற தோல் ரேகைகளை ஆராயும் 'டெர்மடோக்ளிஃபிக்ஸ்' துறைக்கும் அதே 15. ஸ்கிராபிள் பலகையிலும் ஒரு வரிசைக்கு 15 கட்டங்கள்தான். உடனே கனவு காண ஆரம்பிக்காதீர்கள். கையில் ஒரு நேரத்தில் 7 வில்லைகள்தான் இருக்கும். மிச்சம் 8 எழுத்துகளை உங்களுக்குத் தோதான இடத்தில் எதிராளியும் சேர்ந்து அடுக்கித் தர வேண்டும். அவ்வளவு நல்ல மனிதரோடு போட்டி எதற்கு?

அந்த விளையாட்டை 1930-களில் உருவாக்கிய ஆல்ஃபிரட் பட்ஸ், செய்தித்தாள்களை வைத்துக்கொண்டு எந்த எழுத்து எத்தனை தடவை வருகிறது என்று எண்ணினார். அதனால்தான் ஈ-க்கு 12 வில்லை, க்யூவுக்கு ஒன்றே ஒன்று. வேலையில்லாக் காலத்தில் செய்தித்தாளில் எழுத்து எண்ணியவரை அக்கம்பக்கத்தார் என்ன நினைத்திருப்பார்கள் என்பதை ஊகித்துக்கொள்ளுங்கள். உங்களையும் அப்படித்தான் நினைப்பார்கள். பழகிக்கொள்ளுங்கள்.

4. ஈ-யை ஒழியுங்கள்

ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் எழுத்து ஈ. அதைத் தடைசெய்தால்தான் ஆட்டம் சூடு பிடிக்கும். எர்னஸ்ட் வின்சென்ட் ரைட் என்ற அமெரிக்கர், தட்டச்சு இயந்திரத்தில் ஈ விசையைக் கட்டிவைத்துவிட்டு 'காட்ஸ்பி' என்ற நாவலை எழுதினார். 1939-ல் வந்தது, 50,000 சொற்களுக்கு மேல். பிரெஞ்சில் ழார்ஜ் பெரெக் 1969-ல் ஈ இல்லாமல் ஒரு முழு நாவலை எழுதி முடித்தார்.

நமக்கு ஒரு சொல் போதும்: 'ஃப்ளாக்ஸினாஸினிஹிலிபிலிஃபிகேஷன்'. 29 எழுத்து, ஐ மட்டும் ஒன்பது முறை வரும், ஈ ஒரு தடவைகூட வராது. ஒன்றுக்கும் உதவாதது என்று ஒதுக்குவதுதான் அதன் பொருள். 2018-ல் சசி தரூர் தன் புத்தகத்தை ட்விட்டரில் அறிமுகப்படுத்தும்போது இதைப் போட்டார். புத்தகத்தைவிடச் சொல்தான் அதிகம் பேசப்பட்டது. வீட்டில் சொல்லிப் பார்ப்பதற்கு முன் பல் செட்டைக் கழற்றி வைப்பது நல்லது.

ஒற்றைச் சொல் அலுத்தால் தொடர்களுக்குப் போகலாம். பூஜ்யத்திலிருந்து எண்களை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே போங்கள். ஏ என்ற எழுத்து முதன்முதலில் ஆயிரத்தில்தான் தலைகாட்டும். இது அமெரிக்கக் கணக்கு. பிரிட்டிஷ்காரர் நூற்றுக்கு மேலே 'அண்ட்' சேர்த்துச் சொல்வார் என்பதால், அவருக்கு நூற்றொன்றிலேயே வந்துவிடும். பந்தயம் கட்டுவதற்கு முன் எதிராளி எந்த நாட்டுக்காரர் என்று விசாரித்துக்கொள்ளுங்கள். இன்னொரு பந்தயமும் உண்டு. 'க்யூ வருகிற அமெரிக்க மாநிலம் ஒன்றைச் சொல்' என்று கேட்டுவிட்டு நீங்கள் தூங்கப் போகலாம். ஐம்பதில் ஒன்றிலும் கிடையாது.

5. கணினியை மறைத்து வையுங்கள்

சொற்பட்டியல் ஒன்றும், 1970-களில் கென் தாம்ப்சன் எழுதிய 'கிரெப்' என்ற கட்டளையும் இருந்தால், மேலே சொன்ன அத்தனையும் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்து விழும். அதுதான் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை மதியம் முழுவதும் பிறகு என்ன செய்வீர்கள்? விடையைக் கணினியில் பார்த்தாலும் உடனே சொல்லிவிடாதீர்கள். அரைமணி நேரம் மேலே பாருங்கள், விரல்களை மடக்கி எண்ணுங்கள், 'நாக்கு நுனியில் நிற்கிறது' என்று முனகுங்கள். பிறகு சொன்னால்தான் மரியாதை.

6. கிடைக்காவிட்டால் செய்துகொள்ளுங்கள்

இதுதான் தொழில் ரகசியம். ஆங்கில அகராதிகளில் உள்ள ஆக நீளமான சொல் 'நியுமோனோஅல்ட்ராமைக்ரோஸ்கோபிக்சிலிகோவால்கேனோகோனியோசிஸ்', 45 எழுத்து. நுண்ணிய சிலிகா தூசியைச் சுவாசிப்பதால் வரும் நுரையீரல் நோயாம். எந்த மருத்துவரும் இதைச் சீட்டில் எழுதவில்லை. தொடக்கத்தில் சொன்ன அதே பஸ்லர்ஸ் லீக்கின் தலைவர் எவரெட் ஸ்மித் 1935-ல், எல்லாவற்றையும்விட நீளமாக ஒன்று இருக்கட்டும் என்று கட்டியது. செய்தித்தாளில் வந்தது, அகராதியும் ஏற்றுக்கொண்டது. சிலிகா தூசி நோய்க்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் சிலிகோசிஸ், 9 எழுத்து.

ஷேக்ஸ்பியருக்கு இந்த விஷயம் முன்பே தெரிந்திருக்கிறது. 'லவ்ஸ் லேபர்ஸ் லாஸ்ட்' நாடகத்தில் 'ஹானரிஃபிகபிலிடுடினிடாடிபஸ்' என்று 27 எழுத்தில் ஒரு சொல் வரும். மெய்யும் உயிரும் முதலிலிருந்து கடைசி வரை மாறி மாறி நிற்கும். அதை அவர் அரசனுக்கோ அறிஞனுக்கோ கொடுக்கவில்லை, கோமாளிக்குக் கொடுத்தார்.

ஆகவே கடைசியாக ஓர் அறிவுரை. எழுத்தை எண்ணிப் பெருமைப்பட வேண்டாம், அதை யாரும் எப்போது வேண்டுமானாலும் கூட்டிக்கொள்ளலாம். தினமும் எல்லாரும் புழங்கும் சொல்லுக்குள் யாரும் பார்க்காததைப் பார்ப்பதுதான் உண்மையான பிடி. 45 எழுத்தை மனப்பாடம் செய்கிறவரைவிட, மேல் வரிசைக்குள்ளேயே 'டைப்ரைட்டர்' உட்கார்ந்திருப்பதை முதலில் கவனித்தவர்தான் கெட்டிக்காரர்.