ஆட்டூருக்கு அந்தப் பக்கம் புலியூர்

மேச்சேரி என்றால் ஆடு. கம்பளி முளைக்காத செம்பழுப்புச் செம்மறி, தோலுக்குத் தனிக் கிராக்கி. அந்த ஆடுகளை மேயவிட்டுவிட்டு, மேட்டூரைத் தாண்டிக் கொளத்தூர்ப் பக்கம் 1984-இல் புலிகள் வந்து இறங்கினார்கள். ஆடுகளுக்குச் சேதமில்லை.

கும்பாரப்பட்டியில் ஈழத்து விடுதலைப் புலிகளின் பயிற்சி முகாமுக்குத் தன் நிலத்தைக் கொடுத்தவர் பெரியார் கட்சிக்காரர் கொளத்தூர் மணி. பயிற்சிக்குப் பொறுப்பு பொன்னம்மான். பத்ரகாளியம்மன் குடியிருக்கும் மேச்சேரிக்காரர்கள் இதுவும் புதுசாக ஒரு அம்மன் என்று நினைத்துப் பொங்கல் வைத்துவிட வேண்டாம்; இது கால் போட்ட அம்மான், அதாவது மாமன். முகாம் பரம ரகசியம். எவ்வளவு ரகசியம் என்றால், ஊருக்கே புலியூர் என்று பெயர் விழுந்துவிட்டது.

டில்லிக்குத் தெரியாதா? இலங்கையில் 1983 ஜூலைத் தமிழர் படுகொலைக்குப் பின் இயக்கப் பையன்களை வடக்கே கூட்டிப்போய்ச் சுடக் கற்றுக்கொடுத்ததே டில்லிதான். கையோடு 1985-இல் அவர்களைத் திம்புவுக்குக் கொண்டுபோய்க் கொழும்போடு பேசவும் வைத்தது. பிள்ளையைக் கிள்ளிய கையே தொட்டிலையும் ஆட்டியது.

இயக்கங்களோ புலி, டெலோ, புளொட், ஈரோஸ், ஈ.பி.ஆர்.எல்.எப். என்று நீண்டன. வாங்க வேண்டிய நாடு ஒன்று, பங்காளிகள் ஐந்து. 1982-லேயே சென்னைப் பாண்டி பஜாரில் புலித் தலைவர் பிரபாகரனும் புளொட் தலைவர் உமா மகேஸ்வரனும் துப்பாக்கியால் கணக்குத் தீர்க்கப் பார்த்துப் போலீசில் மாட்டியிருந்தார்கள். 1986-இல் புலிகள் டெலோவைத் தீர்த்துக்கட்டினார்கள். அதில் சிரிக்க எதுவுமில்லை.

சிரிப்பு அந்த நவம்பரில் இருக்கிறது. பெங்களூரில் சார்க் மாநாடு. இலங்கை அதிபர் ஜெயவர்த்தனா வருகிறார். வீட்டுக்குச் சம்பந்தி வரும்போது அரிவாளைப் பரணில் போடுவதுபோல, தமிழ்நாட்டுப் போலீஸ் நவம்பர் 8-ஆம் தேதி இயக்கங்களின் ஆயுதங்களை அள்ளியது. பிறகு வயர்லெஸ் கருவிகளும் போயின. முதலமைச்சர் யார்? புலிகளுக்குப் பணம் கொடுத்த அதே எம்.ஜி.ஆர்.! கழுத்தில் சயனைடு குப்பி கட்டிய படையின் தலைவர் என்ன செய்தார்? சென்னையில் பாய் விரித்து உண்ணாவிரதம் உட்கார்ந்தார். சாட்சாத் காந்தி வழி. பலித்தும்விட்டது, கருவிகள் திரும்பி வந்தன. சில வாரத்தில், 1987 ஜனவரியில், பிரபாகரன் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார்.

பொன்னம்மான் அடுத்த மாதமே, பிப்ரவரி 14-இல், கைதடியில் எதிரிக்கென்று தயாரான வெடி முந்திக்கொண்டதில் இறந்தார். புலியூர்ப் பிரிவில் அவர் பெயரில் ஒரு பேருந்து நிழற்கூடம். மேட்டூர் பஸ்சுக்காக அதில் நிற்கிறவர் கையில் ஆட்டுக்குட்டி இருந்தால், அவர் கவலையெல்லாம் கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போடுவாரா என்பதுதான்.