மூளை: யார் போட்ட பிளான்?

கேள்வி: மனித மூளை பரிணாமத்தில் தானாக வந்ததா, இல்லை ஓர் அறிவாளி திட்டம் போட்டுப் படைத்ததா?

பதில்: இந்தச் சந்தேகம் டார்வினின் கூட்டாளிக்கே வந்தது. இயற்கைத் தேர்வை டார்வினைச் சாராமல் தனியாகவே கண்டுபிடித்தவர் ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ். அவரே 1869-இல், மூளை விஷயத்தில் ஏதோ ஒரு மேலான சக்தியின் கை இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார். படித்த டார்வின், ஓரத்தில் ‘இல்லை’ என்று எழுதி மூன்று கோடு இழுத்தார்.

அடியேன் டார்வின் கட்சி. கண்ணை முன்னால் வைத்துவிட்டு, அது பார்ப்பதைப் புரிந்துகொள்ளும் பகுதியைப் பிடரிப் பக்கம் எந்த எஞ்சினியர் வைப்பார்? விழித்திரையில் நரம்பு வயர்கள் வெளிச்சம் வரும் வழியிலேயே ஓடுகின்றன. அவற்றை வெளியே எடுக்க ஓர் ஓட்டை. அந்த இடத்தில் நமக்குப் பார்வையே இல்லை. ஆக்டோபஸுக்கு வயரிங் பின்பக்கம், ஓட்டைப் பிரச்சினையே கிடையாது. (எஞ்சினியருக்குச் செல்லப்பிள்ளை அதுதான் போலும்!)

மூளை பெரிதானதும் படிப்படியாகத்தான். சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய, மனித மூதாதை வகையான ஆஸ்ட்ரலோபிதிகஸ் மண்டையில் 450 மில்லி அளவு இடம்தான். நமக்கு 1,350. இந்த மூளை, உடல் எடையில் 2 சதவீதமே இருந்துகொண்டு, சாப்பிட்ட சக்தியில் 20 சதவீதத்தை விழுங்குகிறது.

இவ்வளவு பெரிய தலை, பிரசவத்தில் அவ்வளவு குறுகலான வழியில் வர வேண்டியிருக்கிறது. “பிளான் போட்டவர் யாராவது இருந்தால் கண்டிப்பாக ஆம்பளைதான்” என்கிறார் என் மனைவி.