அம்பாசிடர் என்ஜினின் ஒலித்திணை: நிலமும் பொழுதும் குறித்த ஓர் ஆய்வு

பழைய காரின் என்ஜினிலிருந்து எழும் இனந்தெரியாத ஒலியை ஆராயப் புகுவோர், அது 'டக் டக்' என்றதா 'கட கட' என்றதா என்பதையே முதலில் முடிவுசெய்ய முனைந்து, அதற்குக் கார் உரிமையாளரின் வாயையே சான்றாகக் கொள்வதால், ஆய்வு தொடக்கத்திலேயே தடம் மாறிவிடுகிறது. வாயால் அடித்துக் காட்டப்படும் ஒலி, காட்டுபவரின் குரல்வளத்தையும் அச்சத்தின் அளவையும் பொறுத்து மாறக்கூடியது என்பதை மெக்கானிக்குகள் அறிவர். அவர்கள் அதைப் பொறுமையோடு கேட்டு நிற்பது மரியாதையால் மட்டுமே. தமிழ்ப் பொருளிலக்கணம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று வைத்து, கருப்பொருளையும் உரிப்பொருளையும் அவற்றின்பின் நிறுத்தியது. என்ஜின் ஒலிக்கும் அவ்வரிசையே பொருந்தும் என்பதும், ஒலி எப்படி இருந்தது என்ற கேள்வியைவிட எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விகளே நோயைக் காட்டும் என்பதும் இக்கட்டுரையின் துணிபு.

ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுவது, மேற்கு வங்கத்து உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலை 2014 வரை தயாரித்த அம்பாசிடர் காரில் நெடுங்காலம் இடம்பெற்றிருந்த 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் ஆகும். நான்கு சிலிண்டர்களும் எட்டு வால்வுகளும் உடைய இதன் ஒலிவளம் சென்னைப் புதுப்பேட்டை தொடங்கிச் சிற்றூர்ப் பட்டறைகள் வரை நன்கு அறியப்பட்டது. பின்னாளில் வந்த இசுசு என்ஜின் ஒப்புநோக்க அமைதியானது என்பதால் புலமைக்கு உதவாது. அது இங்கே விலக்கப்படுகிறது.

நிலத்தை அறிவதில் உள்ள இடர் இயற்பியல் சார்ந்தது. ஒலி காற்றில் நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்ல, எஃகில் சுமார் 5000 மீட்டர் பாய்வதால், ஓரிடத்தில் பிறந்த தட்டல் கணத்தில் என்ஜின் முழுவதும் பரவி, பானட்டைத் திறந்து குனிபவருக்கு எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறது. 1816இல் பாரிசில் லென்னெக் என்னும் மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதன் தொடர்ச்சியாகவே, நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றிக் கைப்பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்கும் பட்டறை மரபைக் கருத வேண்டும். ராக்கர் கவரில் ஊன்றினால் மேல்நிலத்து ஒலியும், ஆயில் சேம்பர் ஓரத்தில் ஊன்றினால் கீழ்நிலத்து ஒலியும், வாட்டர் பம்பில் ஊன்றினால் தேய்ந்த பேரிங்கின் உறுமலும் தனித்தனியே பிரிகின்றன. ஃபேன் பெல்ட்டின் கீச்சொலிக்கு இவ்வளவு கருவி வேண்டியதில்லை. ஓடும் பெல்ட்டில் சிறிது தண்ணீர் தெளித்தால் ஒலி மாறுவதே போதிய சான்று.

மேல்நிலத்துக்கு உரிய ஒலி டேப்பெட் ஒலி. இந்த என்ஜினில் கேம் ஷாஃப்ட் கீழே பிளாக்கினுள் சுழல, அதன் மேடு புஷ் ராடு எனப்படும் கம்பியை மேலே தள்ள, கம்பி ராக்கரின் ஒரு முனையைத் தூக்க, மறுமுனை வால்வை அமுக்குகிறது. ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் இடையே ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் 15 பங்கு இடைவெளி விடப்பட வேண்டும். அதற்குமேல் அகன்றால் ஒவ்வொரு முறையும் ராக்கர் ஓடிவந்து மோதுவது வெளியே கேட்கிறது. 'டேப்பெட் சத்தம் போட்டாப் பரவாயில்ல சார், போடலேன்னாத்தான் பயம்' என்று மெக்கானிக்குகள் கூறுவதைப் புதிதாகக் கார் வாங்கியவர்கள் வேலையைத் தட்டிக்கழிக்கும் பேச்சாகக் கொள்கின்றனர். உண்மையில் அது முழுமையான கோட்பாடு. இடைவெளி அற்றுப்போனால் சூட்டில் நீளும் வால்வு முழுதாக மூடாமல், எரியும் வாயு அதன் விளிம்பை உரசிச் சென்று கருக்கிவிடும். ஆகவே ஒலியை அறவே ஒழிக்க வேண்டும் என்று வற்புறுத்தி வெற்றி பெற்ற உரிமையாளர், சில மாதங்களில் ஹெட்டைக் கழற்றும் நிலைக்கு வருவது வியப்பன்று.

இடைவெளியைச் சரிசெய்வதற்கு ஒன்பது விதி என்றொரு கணிதமும் உண்டு. வால்வுகளை முன்னிருந்து எண்ணினால், 8ஆம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 1ஆம் வால்வையும், 6ஆம் வால்வு திறந்திருக்கும்போது 3ஆம் வால்வையும் சரிபார்க்க வேண்டும். எந்த இணையைக் கூட்டினாலும் ஒன்பதே வரும். இதைப் பள்ளிக்குச் செல்லாத மெக்கானிக்குகள் விரல்விட்டு எண்ணாமலே செய்வதும், பொறியியல் படித்த உரிமையாளர்கள் அருகே நின்று சரியா என்று கேட்பதும் தனி ஆய்வுக்கு உரியவை.

கீழ்நிலத்தின் அச்சம் பிக் எண்டு ஆகும். அதாவது கனெக்டிங் ராடு கிராங்க் ஷாஃப்ட்டைப் பற்றியிருக்கும் இடத்துப் பேரிங் தேய்ந்து ஆடுவது. மேல்நிலத்து டேப்பெட் ஒலியையும் இதையும் பிரித்தறியக் காலப்பிரமாணம் உதவும். ஐடிலிங்கில் கிராங்க் நிமிடத்துக்கு 800 முறை சுழன்றால் கேம் ஷாஃப்ட் அதில் பாதியான 400 முறையே சுழலும் என்பதால், தளர்ந்த ஒரு டேப்பெட் கீழ்க்காலத்திலும் கீழ்நிலத்து ஒலி மேற்காலத்திலும் வாசிக்கின்றன என்று கச்சேரி கேட்கும் பழக்கமுள்ளவர் எளிதில் சொல்லிவிடலாம். ஐயம் நீடித்தால், பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எந்த சிலிண்டரின் ஒயரைக் கழற்றும்போது தட்டல் அடங்குகிறதோ அதன் பிக் எண்டே குற்றவாளி. இச்சோதனையை ஈரக்கையோடு செய்வோருக்கு மின்னியல் குறித்த கூடுதல் முடிவும் கிடைக்கும்.

எனினும் நிலத்தைவிடப் பொழுதே வலியது. அலுமினியப் பிஸ்டன் வார்ப்பிரும்புச் சிலிண்டரைவிட மிகுதியாக விரிவதால், தேய்ந்த என்ஜினில் காலைக் குளிரில் பக்கவாட்டில் அறைந்துகொண்டிருந்த பிஸ்டன், சூடேறியதும் இடைவெளி நிரம்பி அடங்கிவிடுகிறது. மேனிஃபோல்டு பேக்கிங் வழியே புகை கசியும்போது எழும் 'டிக் டிக்' ஒலியும் பலவேளைகளில் இரும்பு விரிந்ததும் மறையும். பிக் எண்டு இதற்கு நேர்மாறானது. ஆயில் சூட்டில் இளகி அழுத்தம் குறைந்த பின்னரே அது வாய் திறக்கும். ஏற்றத்தில் டாப் கியரில் இழுக்கும்போது மட்டும் கேட்பது இக்னிஷன் டைமிங் முந்திவிட்டதன் நாக்கிங். அதற்கு டிஸ்ட்ரிபியூட்டரைச் சிறிது திருப்பினால் போதும்.

மெக்கானிக்கின் முன் ஒலி மறைந்துவிடுகிறது என்ற உலகளாவிய புகாருக்கு விளக்கம் இதில் கிடைக்கிறது. 'காலையிலகூட வந்துச்சுங்க' என்று உரிமையாளர் சொல்ல, 'இப்ப ஒண்ணும் இல்லையே சார்' என்று மெக்கானிக் சொல்ல, இருவரும் உண்மையே பேசுகின்றனர். பட்டறைக்கு ஓட்டிவந்ததாலேயே என்ஜின் சூடேறி, குளிர்பொழுதுக்கு உரிய ஒலி தன் பொழுதை இழந்துவிட்டது. 'ராத்திரி விட்டுட்டுப் போங்க' என்று மெக்கானிக் கேட்பது வண்டியை அடகு பிடிக்க அன்று. விடியலில் முதல் ஸ்டார்ட்டைத் தாமே கேட்க வேண்டும் என்பதற்காக.

கருப்பொருளில் உணவாக ஆயிலையும், விலங்காக ஒயர் கடிக்கும் எலியையும், தெய்வமாக டாஷ்போர்டுப் பிள்ளையாரையும் கொள்ளலாம். இவற்றுள் பிள்ளையாரைத் தனியே சோதிப்பது நலம். ஒட்டியிருந்த பசை வெயிலில் காய்ந்துவிட்டால், என்ஜினின் அதிர்வு குறிப்பிட்ட ஒரு வேகத்தில் அவருடைய இயல்பதிர்வோடு ஒத்துப்போக, பீடம் தகட்டில் படபடக்கும். வேகம் சற்றுக் கூடினாலோ குறைந்தாலோ அடங்கிவிடும். என்ஜினைப் பிரிக்கும் முன் அவர்மீது ஒரு விரல் வைத்துப் பார்ப்பது செலவில்லாதது.

உரிப்பொருள் பெரிதும் நெய்தல் சார்ந்த இரங்கலே. கிராங்க் ஷாஃப்ட்டை லேத்துக்கு அனுப்ப வேண்டும் என்ற சொல் கேட்டபின் அது தொடங்குகிறது. வண்டியை விற்றுவிடலாம் என்று வீட்டில் எழும் குரலால் மருதத்து ஊடலும் வந்து சேர்வதுண்டு.

பொழுதின் இலக்கணத்தை முற்றக் கற்றவர்கள் விற்பனைத் தரகர்களே. பிஸ்டன் அடிக்கும் காரை, வாங்குபவர் வருவதற்கு அரைமணி முன்பே ஓடவிட்டுச் சூடாக்கி வைப்பதும், பிக் எண்டு அடிக்கும் காரில் கனமான ஆயிலை ஊற்றிக் குளிரவைத்துக் காத்திருப்பதும் அவர்களது செயல்முறை. மறுதரப்பிலும் கல்வி வளர்ந்திருப்பதால், தேர்ந்த வாங்குபவர் பெயிண்டையும் டயரையும் பார்ப்பதற்கு முன், பேச்சோடு பேச்சாக உள்ளங்கையைப் பானட்டின்மேல் வைக்கிறார். சூடு தட்டினால், நாளைக் காலை ஆறு மணிக்கு வந்து தாமே ஸ்டார்ட் செய்து பார்ப்பதாகச் சொல்கிறார். அவ்வாறு சொன்ன சிறிது நேரத்தில், வண்டியை ஏற்கெனவே வேறொருவர் பேசி முடித்துவிட்டதாகத் தரகருக்கு நினைவு வருகிறது.