மாவு இருக்கு

எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் மாவு மிச்சமிருக்கிறது என்றால், அன்று ராத்திரி வெளியே சாப்பிடப் போகிறோம் என்று அர்த்தம்.

திங்கட்கிழமை இட்லி. செவ்வாய் தோசை. புதன் ஊத்தப்பம். வியாழன், வெங்காயமும் பச்சைமிளகாயும் வதக்கிக் கொட்டிக் குழிப்பணியாரம். வெள்ளிக்கிழமை மூடியைத் திறந்தால் மூக்கே தீர்ப்பு சொல்லிவிடும். "இன்னிக்கு என்னால முடியலைங்க, வெளியில பாத்துக்கலாம்" என்பாள் மனைவி. (தேங்காய் உடைப்பதைத் தவிர சமையலறையில் எனக்கு வேறு உத்தியோகம் இல்லாததால் மறுத்துப் பேசும் யோக்கியதை கிடையாது.)

தெருமுனை ஓட்டலில் சர்வர் மூச்சுவிடாமல் ஒப்பித்தார்: பரோட்டா, சப்பாத்தி, ஆப்பம், இடியாப்பம், காளான் ஃப்ரைடு ரைஸ். பத்து நிமிட ஆலோசனைக்குப் பின் மகன் தோசை என்றான். மகள் பொடி தோசை. மனைவி, ஒரு மாறுதலுக்கு, வெங்காய ஊத்தப்பம். எனக்கு 2 இட்லி.

உள்ளே மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, சொய்ங்கென்று ஆவி கிளம்ப, துடைப்பத்தால் ஒரு பெருக்கு பெருக்கிவிட்டு மாவை ஊற்றினார். பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். அதே துடைப்பத்தோடு நான் வீட்டு அடுப்பருகே போனால் என்ன நடக்கும்?

பில்லில் மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம், மாநில ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம். சாம்பார் வாளியை நாலு தடவை கூப்பிட்டதற்கு மட்டும் வரி இல்லை.

மாவு இன்னும் ஃப்ரிட்ஜில்தான் இருக்கிறது. நாளைக்கு அதில் ரவையைக் கலந்து ஏதோ செய்யப்போவதாகக் கேள்வி. வீட்டுக்கு வருவதாக இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை வரவும்.