வெற்றுத்தாள் இயல்: படைப்புத் தடையும் அதனைக் கடக்கும் நடைமுறை வழிகளும்

படைப்புத் தடை என்பது, எழுதுவதற்குத் தாளும் பேனாவும் நேரமும் ஒருங்கே வாய்க்கப்பெற்ற ஒருவர், எழுதுதல் ஒன்று நீங்கலாக ஏனைய செயல்கள் அனைத்தையும் செய்யும் நிலை ஆகும். தாள், பேனா, நேரம் என மூன்றையும் கூறியது என்னையெனின், அவற்றுள் ஒன்று குறைந்தாலும் அது தடையாகாது, சாக்கு ஆகும் என்க. 'செய்யும் நிலை' என்றமையால் வாளாவிருத்தல் இதனுள் அடங்காமை பெறப்படும். தடையுற்ற எழுத்தாளர் ஒருபோதும் சோம்பியிருப்பதில்லை என்பதும், அவர் வீட்டுப் பரண் தூய்மையாவது அக்காலத்தில்தான் என்பதும் இத்துறையில் ஐயத்திற்கு இடமில்லாத செய்திகள்.

இந்நிலைக்கு 'ரைட்டர்ஸ் பிளாக்' என்ற பெயரை 1947இல் வழங்கியவர், ஆஸ்திரியாவிலிருந்து வந்து நியூயார்க்கில் தொழில் புரிந்த எட்மண்ட் பெர்க்லர் என்னும் உளப்பகுப்பாய்வாளர். உளப்பகுப்பாய்வு என்பது, ஒருவருடைய இன்றைய துன்பத்திற்கான காரணத்தை, அவரால் மறுத்துச் சாட்சி சொல்ல இயலாத குழந்தைப் பருவத்தில் கண்டறியும் முறை. அம்முறையைப் பின்பற்றிய பெர்க்லர், பால் தர மறுத்த தாயின்மேல் குழந்தை கொண்ட ஆழ்மனச் சினத்தோடு எழுத்தாளரின் தடையைத் தொடர்புபடுத்தினார். 1947க்கு முன்னும் எழுத்தாளர்கள் எழுதாமல் இருந்ததுண்டு. ஆயினும் அவர்களை வீட்டார் வேறு பெயர்களால் அழைத்து வந்தமையின் அவை ஆய்வுக்குரிய தரவுகளாகக் கொள்ளப்படவில்லை.

இத்தடைக்கு முதல், கரு, உரி என்னும் மூன்றும் வகுத்து, நிலம் மேசை எனவும், பொழுது நள்ளிரவு எனவும், கருப்பொருள் கசக்கி எறிந்த தாள் எனவும் அட்டவணை இடுவது இக்கால ஆய்வு நெறிக்கு முற்றிலும் ஏற்றதேயாயினும், கைக்குக் கிடைத்த எதனையும் ஐந்திணைக்குள் அடைத்துப் பட்டம் பெற்றோர் நாட்டில் ஏராளமாக இருத்தலின், அப்பணி அவர்களுக்கே விடப்படுகிறது.

இனி, தடையைக் கடக்கும் வழிகள். அவற்றுள் தலையாயது பிள்ளையார் சுழி. சுழியாவது, எழுதத் தொடங்குமுன் தாளின் உச்சியில் உகர வடிவில் இடப்பட்டுக் கீழே கோடு இழுக்கப்படும் குறி. இதனை இட்ட பின்னர் அத்தாள் வெற்றுத்தாள் அன்று என்பது இதன் நடைமுறைப் பயன். இக்குறிக்கு உரியவராகிய விநாயகரே தடையியலின் முதல் ஆசிரியர் எனத் தகும். பாரதத்தை வியாசர் சொல்ல விநாயகர் எழுதிய வரலாற்றில், சொல்வதை இடையில் நிறுத்தலாகாது என்று எழுதுபவரும், பொருள் உணராமல் எழுதலாகாது என்று சொல்பவரும் ஒருவர்க்கொருவர் நிபந்தனை விதித்துக்கொண்டனர் என்றும், வியாசர் தமக்கு யோசிக்க இடைவெளி தேவைப்பட்டபோதெல்லாம் ஒரு கடினமான சுலோகத்தை இடையில் வைத்தார் என்றும் கூறுவர். இதனால், நூல்களில் பொருள் விளங்காத இடங்கள் ஆசிரியர் அடுத்து என்ன சொல்வதென்று அறியாது நின்ற இடங்களே என்பது பெறப்படும். அத்தகைய இடங்களில் உள்ளுறை தேடித் தலைமுறை தலைமுறையாக உரை வகுத்தோரின் உழைப்பு இதனால் வீணாகிவிடாது. ஓர் ஆசிரியர் எவ்வளவு நேரம் யோசித்தார் என்பதை அவ்வுரைகளின் நீளத்தைக்கொண்டு ஒருவாறு அளக்கலாம்.

சுழியின் கீழ் இடப்படும் கோடு ஒன்றா இரண்டா என்பதில் அறிஞர் இரு கூறாகப் பிரிந்துள்ளனர். விநாயகர் எழுதுவதற்காக ஒடித்தது ஒரு தந்தமே ஆதலானும், கோடு என்பது தந்தத்திற்கும் பெயராதலானும் கோடு ஒன்றே என்பர் ஒற்றைக்கோட்டார். ஒடித்தது ஒன்றாயினும் ஒடிபடாது எஞ்சிய மற்றொன்றை எவ்வாறு கணக்கில் கொள்ளாமல் விடலாகும் என்பர் இரட்டைக்கோட்டார். எழுத உதவாத தந்தத்திற்குத் தாளில் என்ன வேலை என முன்னவர் வினவ, எழுத உதவாதவை தாளில் இடம்பெறலாகாது எனின் பேராசிரியர்களின் முன்னுரைகள் என்னாவது எனப் பின்னவர் விடுத்த வினாவிற்கு இன்றுவரை மறுமொழி இல்லை.

இதனினும் நுட்பமானது சுழியேற்றம் பற்றிய வழக்கு. சுழியிட்டு, முதல் வரியை எழுதி, அது பிடிக்காமல் தாளைக் கசக்கி எறிந்துவிட்டு அடுத்த தாளை எடுக்கும் ஒருவர், அதற்கும் புதிதாகச் சுழியிட வேண்டுமா, அன்றி எறிந்த தாளின் சுழியே இதற்கும் ஏறி வருமா என்பது வினா. ஏறி வரும் எனின், குப்பைக்கூடையில் கிடக்கும் சுழி ஒன்று மேசைமேல் உள்ள தாளைக் காக்கும் எனப்பட்டு, இடம் பற்றிய முரண் தோன்றும். ஏறி வராது எனின், ஓர் இரவில் முப்பது தாளைக் கசக்கியவர் முப்பது சுழி இட்டவராவர். அவ்விரவில் அவர் எழுதி முடித்தவை அவை மட்டுமே ஆதலின் அவரைச் சுழியாசிரியர் என்றல்லது எழுத்தாசிரியர் என்றல் கூடாது. கணினியில் எழுதுவோர் தாளைக் கசக்காமல் அழிப்பான் விசையைத் தட்டுவதால் சுழி ஒன்றே எஞ்சி நிற்கும், இவ்வழக்கு அவர்க்கு இல்லை என்பாரும் உளர். அற்றன்று, அவ்விசையை விடாது அழுத்துங்கால் சுழியும் சேர்ந்து அழிதல் கண்கூடு என்க.

முற்கூறிய கோட்டு வழக்கின் இலக்கியம் பரந்தது. ஒற்றைக்கோட்டார் தரப்பில் 'இருகோட்டு மத நிராகரணம்' என்னும் நூலும், அதற்கு விடையாக மற்றவர் தரப்பில் 'ஒற்றைக்கோட்டார் வாய்ப்பூட்டு' என்னும் நூலும், வாய்ப்பூட்டைத் திறக்க 'வாய்ப்பூட்டுத் திறவுகோல்' என்பதும், அதன்மேல் 'திறவுகோல் முறிப்பு' என்பதும், அதற்கு 'முறிப்பார் மூக்கறுப்பு என்னும் கண்டன கண்டனம், அரும்பத விளக்கமும் பாட்டு முதற்குறிப்பு அகராதியும் கூடியது, மூன்று பாகங்கள்' என்பதும், இருதரப்பையும் சமரசப்படுத்தக் கருதிய ஒருவரது 'வளைகோட்டு வாதம்' என்பதும் உள்ளன. இந்நூல்கள் யாவும் தலைப்பளவில் நிறைவு பெற்றுள்ளன. தலைப்புக்கு மேலே எத்தனை கோடு இடுவது என்பது முடிவாகாமையால் தலைப்புக்குக் கீழே எவரும் இன்னும் எழுதத் தொடங்கவில்லை.

நடத்தல் என்பது அடுத்த வழி. 2014இல் வெளியான ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வு, வெற்றுச் சுவரைப் பார்த்தபடி டிரெட்மில்லில் நடந்தோர்க்கும் புதிய எண்ணங்கள் மிகுந்தன என்கிறது. வெற்றுச் சுவரைப் பார்க்கும் பயிற்சி எழுத்தாளர்க்கு முன்னமே உண்டாதலின் அவர் கற்கவேண்டியது நடத்தல் ஒன்றே.

குளித்தல் நன்று; குறிப்பேடு நனையும்.

ஆடையொளித்தல் என்பது, பாரிஸ் நகரத்து நோத்ர தாம் பேராலயத்தைக் களமாகக் கொண்டு 1831இல் நாவல் வெளியிட்ட விக்டர் ஹ்யூகோவின் வழி. அவர் வெளியே செல்ல மனம் வராதிருக்கத் தம் உடைகளைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒரு கம்பளிப் போர்வையோடு அமர்ந்து எழுதினார் என்பர். பனி பெய்யும் நாட்டிற்குச் சிறந்த இம்முறை, கைலியும் தோளில் ஒரு துண்டுமாக டீக்கடை வரை மட்டுமன்றி அடுத்த ஊர் வரையும் சென்று வரத் தடையில்லாத நாட்டில் பயன்படாமை வெளிப்படை.

டீக்கடைக்குச் செல்லுதலை இவ்விடத்து வைத்தது இயைபு நோக்கி. பெர்க்லரின் கொள்கையைக் கொண்டு நோக்கின் இவ்வழக்கத்தின் உட்பொருள் விளங்கும். பால் மறுக்கப்பட்டவர் பாலைத் தேடிச் செல்கிறார், அதில் டிகாக்ஷன் கலந்திருப்பது தற்செயல். பால் சேர்க்காத கட்டஞ்சாயா அருந்தும் எழுத்தாளர்கள் இக்கொள்கைக்கு இடையூறாவர். அவர்களைப் புறனடையுள் அடக்கிவிடுவது ஆய்வு மரபு. இவ்வழியில் உண்மையான கேடு ஒன்று உண்டு. எழுத வேண்டிய கதையைக் கண்ணாடித் தம்ளரைக் கையில் பிடித்தபடி நண்பரிடம் சொல்லத் தொடங்குபவர், அதை அங்கேயே நன்றாகச் சொல்லி முடித்துவிடுகிறார். நண்பர் தலையசைத்த பிறகு அக்கதைக்குத் தாளில் வரவேண்டிய அவசியம் இல்லாமற் போகிறது. தமிழில் எழுதப்படாத நாவல்களுள் மிகச் சிறந்தவை சர்க்கரை தூக்கலாகவும் ஸ்ட்ராங்காகவும் குடித்து முடிக்கப்பட்டவை என்று துணிந்து கூறலாம்.

அடியெடுத்துக் கொடுத்தல் என்பது, முதற்சொல்லையோ முதலடியையோ பிறர் தர, எஞ்சியதைத் தான் எழுதுதல். இதனைத் தருபவர் பெரும்பாலும் இறைவன். சுந்தரர்க்குத் திருவெண்ணெய்நல்லூரிலும், சேக்கிழார்க்குத் தில்லையிலும் இவ்வுதவி கிடைத்தது. காஞ்சிபுரம் குமரகோட்டத்துக் கச்சியப்ப சிவாசாரியார்க்கு முருகன் முதலடி தந்ததோடு நில்லாமல், நாள்தோறும் அவர் எழுதிக் கருவறையில் வைத்த பாடல்களைத் திருத்தியும் கொடுத்தான் என்பது கந்தபுராண வரலாறு. அரங்கேற்றத்தன்று, அம்முதலடியின் புணர்ச்சிக்கு இலக்கண விதி யாது என்று அவையில் ஒரு புலவர் தடை எழுப்பினார். அடி கொடுத்தவன் முருகன் என்ற விடை போதுமானதாகக் கொள்ளப்படவில்லை. சோழநாட்டுப் புலவர் வடிவில் அவனே வந்து, வீரசோழியத்தில் அதற்கு விதி இருப்பதை எடுத்துக் காட்டிய பிறகுதான் அரங்கேற்றம் தொடர்ந்தது. தெய்வமே ஆயினும் மேற்கோள் காட்டாத கூற்று ஏற்கத்தக்கதன்று என்னும் ஆய்வு நெறி அத்துணைப் பழைமையானது.

மேற்கோளிடுதலைத் தனி வழியாகவே கொள்ளலாம். சொல்வதற்கு ஒன்றும் இல்லாத நிலையில் பிறர் சொன்னதை எடுத்துரைத்து, அவர் அவ்வாறு சொன்னார் என்பதை விளக்கி, இவ்வாறு அவர் சொன்னமை அறியத்தக்கது என முடித்தால் ஒரு பக்கம் நிறையும். பதவி உயர்வுக்குப் புள்ளிகள் வேண்டிக் கட்டுரை எழுதுவோரிடையே படைப்புத் தடை அறவே காணப்படாமைக்கு இதுவே காரணம். படைப்பு இல்லாத இடத்தில் தடைக்கு இடமில்லை.

கெடு விதித்தல் என்பது பிறரால் செய்யப்படும் மருத்துவம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வெளிவந்தது. அடுத்த வாரத்திற்குப் பக்கம் காத்திருக்கும்போது ஆழ்மனத்தை ஆராய ஒருவர்க்கும் பொழுது வாய்ப்பதில்லை. ஆங்கில நாவலாசிரியர் அந்தோணி ட்ரோலோப், தபால் துறைப் பணிக்குச் செல்லுமுன் விடியற்காலையில் கடிகாரத்தை முன்வைத்து, கால்மணி நேரத்திற்கு 250 சொல் என்ற கணக்கில் எழுதியதாகத் தம் தன்வரலாற்றில் கூறியுள்ளார். அந்நூல் 1883இல், அவர் மறைந்த பின் வெளிவந்தபோது அவர்மேல் விமர்சகர் கொண்டிருந்த மதிப்பு குறைந்தது. நாவல்களைப் படித்தறிய முடியாத குறையை அவர்கள் கணக்கைப் படித்து அறிந்தனர்.

இத்துறையின் முதன்மை நூல், டென்னிஸ் அப்பர் என்னும் அமெரிக்க உளவியலாளர் 1974இல் நடத்தையியல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்ட கட்டுரை. ஒருவர் தமது எழுத்துத் தடைக்குத் தாமே செய்துகொண்டு தோல்வியுற்ற சிகிச்சை பற்றியது அது. தலைப்பு உண்டு, ஆசிரியர் பெயர் உண்டு. கட்டுரை இருக்கவேண்டிய இடம் வெறுமை. எலுமிச்சைச் சாறும் எக்ஸ்ரேயும் கொண்டு ஆராய்ந்தும் குறையொன்றும் காணவில்லை என மதிப்பீட்டாளர் எழுதிய குறிப்பு அப்பக்கத்திலேயே அச்சாகியுள்ளது. 2007இல் அதே இதழில் பல நாட்டு ஆய்வாளர்கள் கூடி இவ்வாய்வைத் திரும்பச் செய்து, அதே முடிவை அதே சுருக்கத்தோடு வெளியிட்டனர்.

அக்கட்டுரை தமிழில் வருமாயின், பதிப்புரை, அணிந்துரை இரண்டு, வாழ்த்துரை நான்கு, மொழிபெயர்ப்பாளர் நன்றியுரை ஆகியவற்றைத் தொடர்ந்து வெற்றுப்பக்கம் இடம்பெறும். மூலத்தின் வெறுமை மொழிபெயர்ப்பில் முழுமையாக வந்துள்ளதா என்பதில் இரு துறைத்தலைவர்கள் மாறுபடுவர். தெளிவுரையும் வினாவிடையும் தனித்தனியே வெளிவரும். நூலக ஆணையில் விலை பாரக் கணக்கில் வைக்கப்பட்டு வந்த பழக்கத்தால், பதினாறு பக்கம் கொண்டது ஒரு பாரம் என்னும் அக்கணக்குக்கு ஏற்ப, மூல ஆசிரியர் எழுதாமல் விட்டதோடு பதிப்பகத்தார் மேலும் பதினைந்து பக்கங்களை எழுதாமல் சேர்த்துக்கொள்வர்.